சொட்டு நீர்ப் பாசன மானியமும் கிணற்று நீர்ச் சேமிப்பும்

கிணற்று நீர் நம் நிலத்தில் இறைக்கப்பட்டாலும், அது நமக்கு மட்டும் உரியதன்று. அண்டை நிலத்தாரின் கிணற்றுக்கும் அதே ஊற்றுதான். ஆகவேதான் நீரைச் சேமிக்கும் உழவருக்கு அரசு பொதுப்பணத்திலிருந்து மானியம் வழங்குகிறது. இதன் நோக்கத்தை உணர்ந்து பயன்படுத்தினால்தான் முழுப்பலன் கிட்டும்.

மானிய விவரம்

2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரதம மந்திரி வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் 'ஒரு துளி நீரில் அதிகப் பயிர்' என்ற பிரிவில் சிறு, குறு விவசாயிகளுக்கு 55 சதவீதமும், ஏனையோருக்கு 45 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. தமிழக அரசு கூடுதல் தொகை சேர்த்து, சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் வழங்கி வருகிறது. 2½ ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. 5 ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி ஆவார். அரசு நிர்ணயித்த தொகையை அடிப்படையாகக் கொண்டே மானியம் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேற்பட்ட செலவு உழவரையே சாரும்.

விண்ணப்பிக்கும் முறை

சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் அட்டை, வட்டாட்சியர் வழங்கும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றுடன் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தை அணுகவும். அனுமதி பெறும் முன் குழாய் பதிக்கத் தொடங்க வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எத்தனை ஆண்டுகள் பழுது பார்த்துத் தருவார்கள் என்பதை எழுத்தில் பெற்றுக் கொள்ளவும்.

பராமரிப்பு

இலவசமாகக் கிடைத்தது என்று குழாய்களைச் சுருட்டி வரப்பில் போட்டு வைப்பது பெரும் நட்டமாகும். அதே நிலத்துக்கு மீண்டும் மானியம் பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எனவே,

1. வலை வடிகட்டியை நாள்தோறும் கழற்றிக் கழுவவும்.

2. வாரம் ஒருமுறை பக்கவாட்டுக் குழாய்களின் முனைகளைத் திறந்து, கலங்கல் நீங்கித் தெளிந்த நீர் வரும் வரை ஓட விடவும்.

3. உப்பு நீர்க் கிணறாயின் சொட்டுவான்கள் அடைபடும். கார அமில நிலை 4 அளவுக்கு வரும்படி பாசன நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தி, 24 மணி நேரம் குழாயில் நிறுத்தி வைத்துப் பின் வெளியேற்றவும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றுதல் ஆபத்து.

மிஞ்சிய நீரை என்ன செய்வது?

ஒரு ஏக்கரில் மிஞ்சிய நீரைக் கொண்டு இன்னொரு ஏக்கர் கரும்பு வைத்தால் இறைப்பு குறையாது, கிணறும் தேறாது. மின் மோட்டார் ஓடும் நேரத்தை மானியம் பெறும் முன்னும் பின்னும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். நேரம் குறையவில்லையெனில் நீர் சேமிக்கப்படவில்லை என்றே பொருள். கோடைக்குக் கொஞ்சம் நீரைக் கிணற்றிலேயே விட்டு வையுங்கள். நிற்கும் பயிரைக் கடைசித் தண்ணீருக்குத் தவிக்க விடாமல் காப்பது அந்த நீரே.

மானியம் ஒருமுறை வரும். கிணறு தலைமுறைக்கும் வேண்டும். இதனை மனத்திற் கொண்டு பயன் பெறுவீர்களாக.