அம்பாசிடர் காலத்து வைத்தியம்

பழைய கார் வாங்குகிறவருக்கு வண்டியோடு இலவசமாகக் கிடைப்பது ஆலோசனை. மாமனார், பக்கத்து வீட்டுக்காரர், டீக்கடையில் நிற்கும் டிரைவர் என ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். 2007 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒன்றை மூன்றாம் கையாக வாங்கி ஓட்டுகிறவன் என்ற முறையில், அந்த வைத்தியங்களில் பெரும்பாலானவற்றுக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன்.

அவை வெறும் மூடநம்பிக்கைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அம்பாசிடரும் ஃபியட்டும் ஓடிய நாளில் அவற்றில் பல சரியாகவே இருந்தன. அப்போது கார்புரேட்டர் இருந்தது, கம்ப்யூட்டர் இல்லை. 2000-த்தை ஒட்டி மாருதி 800-க்கே, கம்ப்யூட்டர் கணக்கிட்டுப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டது. இன்று 'பழைய கார்' என்று நாம் வாங்குவது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய வண்டிதான். வண்டி மாறிவிட்டது, வைத்தியம் மாறவில்லை.

நம்பிக்கை 1: "எஞ்சின் சூடாயிடுச்சா? மூடியத் திறந்து தண்ணிய ஊத்து."

உண்மை: சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, விசில் அடங்காத குக்கரைத் திறப்பது போன்றது. அந்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 115 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிநீரும் நீராவியுமாகக் குதித்து முகத்தில் அடிக்கும். வெப்பமானி முள் மேலே ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஓரங்கட்டுங்கள். எஞ்சினை நிறுத்திக் குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ஆறாத எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டே விரிசல் விடலாம்.

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி, "எப்போது சூடாகிறது?" சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். மோட்டார், ஃபியூஸ், ரிலே, சென்சார் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். ஹைவேயில் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். வெளியே ஒரு சொட்டும் கசியாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். எத்தனையோ வண்டிகளில் குற்றவாளி, சில நூறு ரூபாய் மூடியும் அதன் தேய்ந்த ரப்பரும்தான். எஞ்சின் ஆறியபின் அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். வீடு திரும்பியதும் அதை வடித்து, கம்பெனி சொன்ன கூலன்ட்டை ஊற்றிவிட வேண்டும். தண்ணீரால் உள்ளே துரு பிடிக்கும்.

நம்பிக்கை 2: "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம். கழட்டிப் போடு."

உண்மை: இதை மெக்கானிக்குகளே சொல்வார்கள், செய்தும் விடுவார்கள். தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்கும் பொருள் என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அது ஒரு கதவு. எஞ்சின் சுமார் 82 முதல் 88 டிகிரி வரும்வரை மூடியிருந்து, பிறகு திறக்கும். கதவே இல்லாவிட்டால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வர நெடுநேரமாகும், ஹைவேயில் வராமலே போகலாம். கம்ப்யூட்டரோ எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஆயிலில் கசடு சேரும். மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட் எஞ்சினைச் சூடாக்கும் என்பது உண்மை. அதற்கு மருந்து புதிய தெர்மோஸ்டாட். வாங்கப்போகும் காரில் அரை மணி நேரம் ஓட்டியும் முள் அடியிலேயே கிடந்தால், யாரோ கழட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

நம்பிக்கை 3: "செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி போச்சு."

உண்மை: இந்த நம்பிக்கையால் பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி வாங்கினேன். காலையில் 'டிக்' என்று ஒரு சத்தம், அதற்குமேல் அமைதி. முதல் கடைக்காரர் பேட்டரியை மாற்றினார். நான்கு மாதம் கழித்து அதே 'டிக்'. ஒரு பட்டறையில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டிச் சரிபார்த்தார்கள். பிறகு இன்னொரு பேட்டரி. கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன், பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரை அசைத்துப் பார்த்தார். போல்ட் துருவேறி, வயர் பாதி அரித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புது வயர் போட்டார். கூலி இருநூறு ரூபாய். அந்த இரண்டாவது பேட்டரி அதற்குப் பின் நான்கு வருடம் உழைத்தது.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி விலையில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு பேட்டரியில் இல்லை, ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ இருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பேட்டரியை மறந்துவிட்டுப் பெட்ரோல் பம்பையும் ஸ்பார்க்கையும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் பின்சீட் பக்கம் இரண்டு விநாடி 'ஸ்ஸ்' என்று கேட்பதுதான் பம்பின் குரல்.

நம்பிக்கை 4: "புகை வந்தா எஞ்சின் இறக்கணும்."

உண்மை: எந்த நிறம், எந்த நேரம் என்று கேட்காமல் எஞ்சினை இறக்காதீர்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் வெள்ளைப் புகை வருவதும், சைலன்சரில் தண்ணீர் சொட்டுவதும் அதனால்தான். வண்டி சூடானதும் நின்றுவிடும். நிற்காமல், லேசான இனிப்பு வாசனையோடு வந்துகொண்டே இருந்து, கூலன்ட்டும் குறைந்தால்தான் கவலை. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் படிந்திருந்தால் கவலை இரட்டிப்பு.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதிலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பல எஞ்சின்களில் எஞ்சினை இறக்காமலே அதை மாற்றலாம். மேட்டில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், அது பெரிய செலவு. கறுப்புப் புகைக்கு முதலில் ஏர் ஃபில்டரைக் கழட்டிப் பாருங்கள்.

விற்கிறவர் 'ஆயில் அடிக்காது' என்று சத்தியம் செய்தாலும் காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள். கெட்டி ஆயிலை ஊற்றி, நீங்கள் வருவதற்கு முன் ஒரு சுற்றுச் சூடாக்கி வைத்தால் புகையும் சத்தமும் கொஞ்ச நேரம் ஒளிந்துகொள்ளும்.

நம்பிக்கை 5: "வருஷா வருஷம் ஏ.சி. காஸ் நிரப்பணும்."

உண்மை: ஏ.சி. காஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. மூட்டுகளின் ரப்பர் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசியலாம். ஒரே வருடத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. முதலில் லீக் டெஸ்ட், பிறகு ஓட்டையை அடைப்பது, பிறகு வேக்யூம், கடைசியில் காஸ் என்பதுதான் வரிசை. ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் குளிராவிட்டால் காஸ் பேச்சே வேண்டாம், கண்டென்சரையும் அதன் ஃபேனையும் கவனியுங்கள். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் கோளாறில்லை. அதே தண்ணீர் காலடியில் உள்ள விரிப்பை நனைத்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

நம்பிக்கை 6: "எஞ்சின் லைட் எரிஞ்சா பேட்டரி டெர்மினலக் கழட்டி மாட்டு."

உண்மை: லைட் அணையலாம், நோய் போகாது. பல வண்டிகளில் பதிவாகியிருந்த 'கோடு' எனும் கோளாறுக் குறியீடும் அழிந்துவிடும். கழட்டும் முன் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். கோடு சொல்வதையும் அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 'ஆக்ஸிஜன் சென்சார்' என்று வந்தால் சென்சாரே கெட்டிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், சைலன்சரில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்திருக்கலாம். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். அது சிமிட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகிறது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகக்கூடும். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணையுங்கள். பழைய கார் பார்க்கப் போனால் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்புங்கள். எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும். எரியாதது எதுவோ அதை யாரோ உங்களிடமிருந்து மறைத்திருக்கலாம்.

நம்பிக்கை 7: "இறக்கத்தில் நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சம்."

உண்மை: கார்புரேட்டர் வண்டியில் மிச்சமானது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியை கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி பெட்ரோல் கொடுத்தாக வேண்டும். ஆக, மிச்சம் என்று நினைத்துச் செலவழிக்கிறோம். உயிருக்கும் ஆபத்து. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதோ, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்தால் லைனிங் கருகும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் தரை வரை போகும். எஞ்சினையே அணைத்துவிட்டால் இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நம்பிக்கை 8: "எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியைக் கொன்னுடும்."

உண்மை: இது பாதி உண்மை. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதக் கலப்பில், அதற்கென வடிவமைக்காத கார்களின் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக்கின் அறிக்கையே மதிப்பிட்டது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் மெல்ல அரிக்கலாம். அதற்காக வண்டி நாளைக்கே நின்றுவிடாது. பெட்ரோல் வாடை அடித்தால் தள்ளிப்போடாமல் ஹோஸ்களையும் சீல்களையும் மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

பழைய காரின் கோளாறுகளில் பெரும்பகுதி ரப்பரிலும் வயரிலும் துருவிலும்தான் இருக்கிறது. அவை மலிவானவை, கண்டுபிடிக்கத்தான் பொறுமை வேண்டும். கையுறைப் பெட்டியில் ஒரு நோட்டு வையுங்கள். சத்தமோ சூடோ நடுக்கமோ எப்போது வந்தது, ஏ.சி. ஓடியதா, எந்த வேகம் என்று அன்றன்றே குறித்துவிடுங்கள். பட்டறையில் "ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று நிற்பதைவிட அந்த நோட்டை நீட்டுவது மேல். கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அந்தக் கூலியைத் தர யோசித்துத்தான் நான் இரண்டு பேட்டரி வாங்கினேன்.