தொப்புளும் அவ்ரத்தும்: வயிற்றுத் தோல் அறுவையில் ஒரு மஸ்அலா

சகோதரி ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். கடைசிப் பிரசவத்திற்குப் பின் வயிற்றுத் தோல் தளர்ந்து மடிந்து தொங்குகிறது. கோடை வந்தால் அந்த மடிப்பின் அடியில் வியர்வை தங்கிப் புண்ணாகிறது. மருந்து பூசினால் ஆறும், மறுமாதம் திரும்ப வரும். மிகுதித் தோலை அகற்றிவிடலாம் என்றும், அப்போது தொப்புளுக்குப் புதிதாக இடம் அமைக்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்ட மாமியார், "தொப்புளை இடம் மாற்றினால் அவ்ரத்தின் எல்லையும் மாறிவிடுமே, உன் தொழுகை என்னாவது?" என்று கேட்டுவிட்டார். அன்று முதல் நம் சகோதரிக்குத் தூக்கமில்லை.

மாமியாரின் கேள்வி எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. மார்க்கத்தில் பேணுதல் உள்ளவர்களுக்கே இப்படிக் கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு காரியத்திற்குச் சட்டம் சொல்லுமுன் அக்காரியத்தின் உருவத்தைச் சரியாக விளங்கிக் கொள்ள வேண்டும் என்பது பிக்ஹு கலையின் முதல் பாடம். ஆகவே இந்த அறுவையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

தொப்புள் என்பது தாயின் வயிற்றில் நம்மை வளர்த்த கொடி விழுந்த தழும்பு. அது தோலின் மேல் ஒட்டிய பொட்டன்று. ஒரு காம்பைப் போல உள்ளே சென்று வயிற்றுச் சுவரோடு பிணைந்திருக்கிறது. 'டம்மி டக்' என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கப்படும் இவ்வறுவையில், அடிவயிற்றின் கீழே குறுக்காகக் கீறித் தோலை மேல்நோக்கிப் பிரிப்பார்கள். தொப்புளுக்கு வரும்போது அதைச் சுற்றி வட்டமாக வெட்டி, தொப்புளைக் காம்போடு அதன் இடத்திலேயே விட்டுவிடுவார்கள். பிரசவத்தால் விலகிப்போன தசைப்பட்டைகளை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிகுதியை வெட்டி நீக்குவார்கள். இப்போது தொப்புள், இழுத்த தோலுக்கு அடியில் மறைந்திருக்கும். அதற்கு நேர் மேலே தோலில் புதிதாக ஒரு துவாரம் செய்து, தொப்புளை வெளியே எடுத்துத் தைத்துவிடுவார்கள்.

ஆக, இடம் மாறுவது தோல், தொப்புளன்று! உடுத்திய கைலியைச் சற்றுக் கீழே இழுத்தால் இடுப்பெலும்பு இறங்கிவிடுமா? தோலில் உள்ள வாசல் புதியது, உள்ளே இருக்கும் தொப்புள் பழையதே.

ஆரம்ப காலத்தில் நிலைமை வேறு. பால்டிமோர் நகரத்து டாக்டர் ஹோவர்ட் கெல்லி 1899ஆம் ஆண்டில் வயிற்றுக் கொழுப்பையும் தோலையும் அகற்றிய அறுவையைப் பற்றி எழுதினார். அக்கால அறுவைகளில் தொப்புளும் தோலோடு போய்விடுவதுண்டு. தொப்புளைக் காப்பாற்றிப் புதிய துவாரத்தில் பொருத்தும் முறையை 1957ல் வெர்னான் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்து எழுதினார்.

துவாரத்தை எங்கே செய்வது என்பதில்தான் மருத்துவரின் திறமை இருக்கிறது. பெரும்பாலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேரான உயரத்தை அடையாளமாகக் கொள்வார்கள். உடலின் நடுக்கோட்டை நோயாளி நிற்கும்போதே குறித்துக் கொள்வார்கள். படுத்தால் தோல் சரிந்து கணக்குத் தப்பும். ஓர் ஆச்சரியம்: தொப்புள் மிகச் சரியாக நடுவில் அமைந்தவர்கள் குறைவு. பெரும்பாலோருக்கு இம்மியளவேனும் ஒரு பக்கம் விலகியிருக்கும். ஒரு தரம் துவாரத்தைத் தவறான இடத்தில் வெட்டிவிட்டால் பின்னர் திருத்துவது கடினம், பழைய துவாரம் இருந்த இடத்தில் தழும்பு நின்றுவிடும். புகைப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் தொப்புளுக்கு இரத்த ஓட்டம் குறைந்து அது அழுகிப்போகும் அபாயம் அதிகம். தொப்புளில் குடலிறக்கம் இருந்து அதையும் கூடவே சரிசெய்தால் அப்போதும் இந்த அபாயம் உண்டு. இவற்றை டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி மாமியாரின் கேள்விக்கு வருவோம். பெண்ணின் தொழுகையைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கே இடமில்லை. ஷாபிஈ மத்ஹபில் முகமும் முன்கைகளும் நீங்கலாக உடல் முழுவதும் தொழுகையில் மறைக்கப்பட வேண்டியதே. ஹனபீ மத்ஹபில் பாதங்களுக்கும் விலக்குண்டு. தொப்புள் ஓர் அங்குலம் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் வயிறு முழுவதும் மறைந்தே இருக்கிறது. தொப்புள் முதல் முழங்கால் வரை என்ற எல்லை ஒரு பெண்ணுக்கு மற்றப் பெண்கள் முன்னிலையில்தான் பேசப்படுகிறது. மஹ்ரமான ஆண்கள் முன்னிலையிலும் ஷாபிஈ மத்ஹபில் அதே எல்லைதான். ஹனபீ மத்ஹபில் அவர்கள் முன் வயிற்றையும் முதுகையும் மறைப்பதும் கடமை.

தொழுகையில் இவ்வெல்லை முக்கியமாவது ஆண்களுக்கே. ஆண்களும் உடல் மெலிந்த பின் இவ்வறுவையைச் செய்து கொள்கிறார்கள். இரண்டு மத்ஹபிலும் தொப்புள் அவ்ரத் அன்று, அதன் கீழிருந்தே அவ்ரத் தொடங்குகிறது. சில சமயம் மருத்துவர் தொப்புளின் காம்பை அடியில் விடுவித்து, தோலோடு சேர்த்துச் சுமார் 2 செ.மீ. கீழே இறக்குவதும் உண்டு. அப்போது மெய்யாகவே தொப்புள் இடம் பெயர்கிறது. அங்கே என்ன செய்வது?

நாம் ஒப்புநோக்குவது உளூவில் முகம் கழுவும் எல்லையை. தலைமுடி முளைக்கும் இடம் முதல் முகம் தொடங்குகிறது என்று இமாம்கள் எழுதியபோது, வழக்கமாக முடி முளைக்கும் இடம் என்றே வைத்தார்கள். முன்வழுக்கை விழுந்தவர் உச்சந்தலை வரை கழுவ வேண்டியதில்லை. நெற்றியில் முடி இறங்கி வளர்ந்தவருக்கு அந்த நெற்றியும் முகமே. அதே போல, தொப்புள் இறக்கப்பட்டவர் அது முன்பிருந்த இடத்தையே எல்லையாகக் கொள்வதுதான் பேணுதல் என்பது நம் கருத்து. அறுவையே செய்யாமல், தொந்தி சரிந்து தொப்புளும் கீழே தொங்கும் பெரியவர்களுக்கும் இதையே சொல்வோம். தொந்திக்கு அடியில் கைலியைக் கட்டி, ருகூவில் சட்டை மேலேறும் காட்சியைப் பள்ளியின் பின்வரிசையில் நிற்பவர்கள் அறிவார்கள்!

அறுவை செய்யலாமா என்பது தனிக் கேள்வி. அழகுக்காக அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவோரைக் கண்டிக்கும் ஹதீஸ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) அவர்கள் வைத்திருந்த வெள்ளி மூக்கு துர்நாற்றம் எடுத்தபோது, பொன்னால் மூக்கு வைத்துக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. குறை தீர்ப்பது வேறு, மெருகேற்றுவது வேறு. 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகாடமியும் அழகு அறுவைகளைப் பற்றி இவ்வாறே பிரித்துக் கூறியது. நம் சகோதரிக்குப் புண்ணும் வேதனையும் உள்ளன. தம் நிலையை ஊரின் ஆலிமிடம் மறைக்காமல் சொல்லிக் கேட்டுக்கொள்வாராக. பெண் டாக்டர் கிடைத்தால் அவரிடமே செல்ல வேண்டும். கோடு குறிக்கும்போதும் தேவைக்கு மேல் ஆடை விலகாதபடி கேட்டுக்கொள்வது அவருடைய உரிமை.

அவர் கடிதத்தில் கேட்காத, ஆனால் அவருக்கு அதிகம் தேவைப்படப் போகும் ஒரு சட்டமும் உண்டு. வயிறு உளூவின் உறுப்பன்று. ஆகவே வயிற்றுக் கட்டு உளூவுக்குத் தடையாகாது. கடமையான குளிப்புக்குத்தான் சிக்கல். தண்ணீர் தீங்கு செய்யுமென்று டாக்டர் சொல்லும் வரை, ஷாபிஈ மத்ஹபினர் மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் மஸ்ஹு செய்து, தயம்மும் செய்ய வேண்டும். ஹனபீ மத்ஹபில் மற்ற இடங்களைக் கழுவிக் கட்டின் மேல் மஸ்ஹு செய்தால் போதும். தொழுகையை மீட்டித் தொழுவது பற்றி ஷாபிஈ மத்ஹபில் விவரங்கள் உள்ளன. எனவே குளிப்புக் கடமையில்லாத நிலையில் அறுவைக்குச் செல்வது நல்லது. தையல் இழுக்குமென்பதால் சில நாட்கள் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும். ஸஜ்தா முடியாவிட்டால் உட்கார்ந்து சைகையால் தொழலாம்.

காயம் ஆறிய பின் பழைய சட்டமே: குளிப்பில் தொப்புளின் மடிப்புக்குள் தண்ணீர் சேர வேண்டும். புதிய துவாரம் சிலருக்குச் சுருங்கி இறுகிவிடும். அவர்கள் விரல் நுனியால் மெல்லத் தேய்த்துத் தண்ணீர் செல்லும் அளவுக்குக் கழுவினால் போதும், குச்சியை விட்டுக் குடைய வேண்டியதில்லை.