வயல் வேலை செய்கிறவருக்கு நடைப்பயிற்சி எதற்கு?

கேள்வி: டொக்டர், எனக்கு 47 வயது. சீனி வருத்தமும் பிறசரும் இருக்கு. கிளினிக்குக்குப் போற நேரமெல்லாம் "எக்சர்சைஸ் செய்யிறனீங்களோ?" எண்டு கேக்கினம். விடிய எழும்பினா சமையல், மாடு, வயல். களை பிடுங்கிற நாளில இடுப்பை நிமிர்த்த ஏலாது. இதுக்கு மேல றோட்டில கைவீசி நடக்கவும் வேணுமோ? பொம்பிளையள் பின்னேரத்தில சும்மா நடந்தா சனமும் ஒரு மாதிரிப் பாக்கும்.
– வாசகி, அடம்பன்

பதில்: களை பிடுங்கும் நாளில் நடக்க வேண்டாம் அம்மா. அன்று உங்களுக்கு வேண்டியது ஓய்வு.

ஆனால் அப்படியான நாட்கள் வருடத்தில் எத்தனை? கட்டுக்கரைக்குளத்தை நம்பிய வயல்களில் காலபோகம்தான் பெரிய விதைப்பு. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரைப் பார்த்து ஒரு பங்கு நிலமே விதைக்கப்படுகிறது. உழவுக்கு ட்ரக்டர், அறுப்புக்கு மெசின், பல வயல்களில் களைக்கும் மருந்து. வயலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில். உங்கள் தாயார் காலத்து உழைப்பு இன்று சில கிழமைகளுக்குள் முடிந்துவிடுகிறது. தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை.

இன்னொன்று, எல்லா அசைவும் இருதயத்துக்கு ஒரே பலனைத் தருவதில்லை. 1953இல் லண்டன் பஸ்களை ஆராய்ந்த ஜெரி மொரிஸ், உட்கார்ந்தே ஓட்டும் சாரதிகளைவிட மாடிப்படி ஏறி இறங்கும் நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார். ஆனால் கோப்பன்ஹேகனில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மரண ஆபத்து குறைந்திருந்தது. வேலையில் கடுமையாக உடலை வருத்தியவர்களுக்குக் கூடியிருந்தது. அது வேலையின் தன்மையாலா, அவர்களின் வாழ்க்கை நிலையாலா என்ற விவாதம் ஓயவில்லை. ஆயினும் ஒரு விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மணிக்கணக்காகக் குனிந்து நிற்பதும் பாரம் தூக்குவதும் இரத்த அழுத்தத்தை நெடுநேரம் உயர்த்தியே வைத்திருக்கும். அரை மணி நேர விரைந்த நடையில் இருதயம் வேகமெடுத்து, பிறகு அமைதியாகும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அது பலப்படுகிறது.

சீனிக்கும் நடை நேரடியாக உதவும். அசையும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அந்த நிலை ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை நிற்கும். ஆகவே தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது கிழமைக்கு 150 நிமிடம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை; இராச்சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் நடக்கும் பத்து நிமிடமும் கணக்குத்தான். கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு இடம் கொடுக்கக்கூடாது: அதுவே சரியான வேகம். கிழமையில் இரண்டு நாள், கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி இருங்கள். தொடைக்கு வேறு பயிற்சி இப்போதைக்குத் தேவையில்லை.

சனத்தின் பார்வையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய தடையாகத் தெரிகிறது. எத்தனையோ பெண்கள் மருந்தைக் கூட்டிக்கொண்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம். அயலில் சீனி வருத்தம் உள்ள இரண்டு, மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வெயில் ஏறமுன் புறப்படுங்கள். வாய்க்கால் கரையோ கோயில் வீதியோ, உங்களுக்குப் பயமில்லாத வழியாக இருக்கட்டும். கணவரையும் கூப்பிடுங்கள், மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போய்வருவது அவருக்கும் பயிற்சியாகாது.

வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வீடு திரும்பியதும் உள்ளங்காலில் காயம், கொப்புளம் இருக்கிறதா பாருங்கள். இன்சுலின் அல்லது சீனியை இறக்கும் குளிசை எடுத்தால் கையில் இரண்டு இனிப்பு வைத்திருங்கள். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போடுங்கள். நெஞ்சு இறுகினால் நடையை நிறுத்தி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடக்கத் தொடங்கியதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். சீனி இறங்கினால் குளிசையின் அளவை அவர்கள்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் குறைக்க வேண்டாம்.