டர்போவைக் கழட்டுறதுக்கு முன்னாடி

தம்பி, தென்னேரியிலருந்து சுங்குவார்சத்திரம் வந்து பெங்களூரு ஹைவேயில ஏறும்போது வண்டி இழுக்கலன்னு சொன்ன. மெக்கானிக் பானட்டைக் கூடத் திறக்காம "டர்போ போச்சு"ன்னுட்டாராம். போயிருக்கலாம். ஆனா பத்து வருஷம் தாண்டின டீசல் வண்டியில டர்போவைச் சந்தேகப்படுறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி, ஹோஸ், கிளாம்ப் விலையில முடியற காரணங்க நிறைய இருக்கு.

உன் பழைய டிசைர்ல இருக்கறது ஃபியட்டோட 1248 சிசி மல்டிஜெட் இன்ஜின். 2007ல ஸ்விஃப்ட் டீசல்ல வந்தது, 2020ல பிஎஸ்-6 வந்தப்ப மாருதி நிறுத்தினது. 75 குதிரைத்திறன், முழு இழுவை கிடைக்கறது 2000 ஆர்பிஎம்ல. அதுக்குக் கீழ புதுசுலயே இது தூங்குமூஞ்சிதான். அதனால எந்த ஆர்பிஎம்ல இழுக்கலன்னு முதல்ல கவனி. முள்ளு மட்டும் சர்ருனு ஏறி வேகம் ஏறலன்னா அது கிளட்ச், டர்போ பக்கமே போகாத.

அடுத்து நம்பர். ஓபிடி சாக்கெட்ல சொருகற ப்ளூடூத் கருவி ஒண்ணு வாங்கி, போன்ல மேனிஃபோல்டு பிரஷர் பாரு. இன்ஜின் ஓடாம சாவியை மட்டும் ஆன் பண்ணினா நம்ம ஊர்ல சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டணும். அது வெளிக்காத்தோட அழுத்தம். அதுவே தப்பா வந்தா சென்சாரைப் பாரு. அப்புறம் காலி ரோடா பார்த்து மூணாவது கியர்ல 1500லருந்து 3500 வரைக்கும் முழுசா மிதி. போனைப் பக்கத்துல உக்காந்திருக்கறவங்க பார்க்கட்டும், நீ ரோட்டைப் பாரு. 200 பக்கம் போகணும். 120, 130லயே நின்னுட்டா காத்து எங்கயோ ஒழுகுது, இல்ல டர்போவுக்கே வந்து சேரல. 200 தொட்டும் இழுக்கலையா? டீசல் ஃபில்டரை மாத்தி எத்தனை நாளாச்சு?

காத்து குறைஞ்சா முதல்ல ஏர் ஃபில்டர். வாலாஜாபாத் ரோட்ல ஜல்லி லாரி பின்னாடியே ஓட்டற ஆளு நீ, கம்பெனி புத்தகத்துல போட்ட கிலோமீட்டர் வரைக்கும் அது தாங்காது. அப்புறம் டர்போவுலருந்து இன்டர்கூலருக்கும், அங்கருந்து இன்ஜினுக்கும் போற ரப்பர் ஹோஸுங்க. இதுலதான் பெரும்பாலும் திருடன் ஒளிஞ்சிருப்பான். ஐடிலிங்ல விரிசல் மூடியே இருக்கும், மிதிச்சு அழுத்தம் ஏறினாத்தான் வாயைத் திறக்கும். "உஸ்"ஸுனு சத்தம், கூடவே கறுப்புப் புகை வந்தா அநேகமா இதான். ஹோஸுக்கு அடிப்பக்கம் கையை விட்டுத் தடவு, இன்ஜின் ஆறின பிறகு. ஓரிடத்துல மட்டும் எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தா அங்கதான் ஒழுகுது. கண்ணுக்குத் தெரியலன்னா டர்போவோட வாயை அடைச்சு, பஞ்சர் கடைக் காத்தைக் கொஞ்சமா விட்டு, சோப்புத் தண்ணி தெளிச்சுப் பார்க்கச் சொல்லு. ஒரு பாருக்கு மேல ஏத்தக் கூடாது. அடைப்பு பிய்ச்சுக்கிட்டு வரும், நேரா நிக்காத.

ஒரு விஷயத்துல மெக்கானிக்குங்களே குழம்புவாங்க. டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தற ஆக்சுவேட்டருக்குப் போற சின்ன டியூப் கிழிஞ்சா பூஸ்ட், அதாவது அந்த அழுத்தம், குறையும்னு சொல்லுவாங்க. உன் வண்டியில இருக்கற சாதாரண வேஸ்ட்கேட், அதாவது அழுத்தம் மிஞ்சாம புகையை ஒதுக்கி விடற கதவு, டர்போவோட காத்தாலயே திறக்கறது. டியூப் கிழிஞ்சா கேட் திறக்காம அழுத்தம் கூடத்தான் செய்யும். கேட் பாதி திறந்தே துரு பிடிச்சு நின்னாத்தான் குறையும். அதே இன்ஜின் எர்டிகாவுல 90 குதிரைத்திறன், விஜிடி டர்போ. அதை இயக்கறது வாக்குவம். அதுல எலி ஒரு டியூபைக் கடிச்சாலே வண்டி படுத்துடும். சாமான் ஒண்ணு மாதிரியே இருந்தாலும் வியாதி நேர் எதிர்.

புகையில கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடற ஈஜிஆர் வால்வு கரி பிடிச்சு மூடாம நிக்கறதும் உண்டு. கழட்டிக் கழுவினாப் போதும்.

இவ்வளவும் சரியா இருந்தா டர்போவைப் பாரு. காத்து உள்ள வர்ற பைப்பைக் கழட்டி, உள்ள இருக்கற விசிறியை விரலால ஆட்டச் சொல்லு. பக்கவாட்டுல லேசா ஆடலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவத்துல உரசின தடம் இருந்தாலோ பேரிங் போயிடுச்சு. அப்ப ஆயில் வர்ற பைப்பையும் பார்க்காம புது டர்போ போடாத. நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்தற சாமான், ஆயில் கிடைக்கலன்னா புதுசும் போயிடும். இன்டர்கூலர்ல தேங்கின ஆயிலையும் கழுவிடச் சொல்லு.

நீலப் புகை வந்து ஆயில் அளவும் இறங்கினா வண்டியை எடுக்கவே எடுக்காத. சீல் வழியா வர்ற ஆயிலையே குடிச்சுட்டு இன்ஜின் தானா அலற ஆரம்பிச்சா, சாவியைத் திருகினாலும் நிக்காது. பிரேக்கை அழுத்திப் பிடி, ஹேண்ட்பிரேக்கையும் இழு, அஞ்சாவது கியர் போட்டு கிளட்சை விடு. அதுலயும் நிக்கலன்னா பானட் பக்கம் போகாம எல்லாரையும் கூட்டிட்டுத் தள்ளி நில்லு.