ஒரு மணி நேரத்தின் மதிப்பு

நுழையும்முன்

எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். ஒரே மூன்று மணி நேரம். இதுவே நீதி என்று தோன்றும். ஆனால், எல்லாருடைய கையும் ஒரே விரைவில் எழுதுவதில்லை. எல்லாருடைய கண்ணும் எழுத்தைக் காண்பதில்லை. அனைவருக்கும் ஒன்றையே கொடுப்பது சமமா, அவரவருக்கு வேண்டியதைக் கொடுப்பது சமமா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கை தடுக்கும் எழுத்து

சில மாணவர்களுக்குப் பாடம் நன்கு விளங்கும். வாயால் கேட்டால் விடை தெளிவாக வரும். ஆயினும், எண்ணியதைத் தாளில் எழுதும்போது கை தடுமாறும். எழுத்துகள் இடம் மாறும், வரி கோணும், மற்றவர்களைவிட மிகுந்த நேரம் ஆகும். இக்குறைபாட்டை 'டிஸ்கிராபியா' என்பர். இது சோம்பலும் அன்று, கவனக்குறைவும் அன்று. கற்றலில் ஏற்படும் குறைபாடுகளுள் ஒன்று.

சட்டம் தரும் உரிமை

1995ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகைகளாக விரித்தது. கற்றல் குறைபாடுகளும் அவற்றுள் இடம்பெற்றன. அரசின் உயர்கல்வி நிறுவனங்களும் அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களும், குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு உடையோருக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இடம் இருந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தை அடைவதற்கான தேர்வையும் எழுத முடிய வேண்டும். ஆகவே, தகுதி உடைய மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் ஈடுசெய் நேரம் தருவது விதியாயிற்று. மூன்று மணி நேரத் தேர்வு எனில், கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும்.

பறிபோன ஒரு மணி நேரம்

2021ஆம் ஆண்டு, டிஸ்கிராபியா உடைய மாணவி ஒருவர் மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வை எழுதினார். அவருக்கு அந்தக் கூடுதல் நேரம் உண்டு. ஆனால், தேர்வு மையத்தில் இருந்தோர் அவ்விதியை அறிந்திருக்கவில்லை. மற்றவர்களின் தாள்களைப் பெற்ற அதே வேளையில் அவருடைய தாளும் வாங்கப்பட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதுபோல், ஏட்டில் இருந்த உரிமை தேர்வறையில் உதவாமல் போயிற்று.

மாணவி அத்துடன் அடங்கிவிடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவர் ஒருவருக்காக மறுதேர்வு நடத்த நீதிமன்றம் ஆணையிடவில்லை. எனினும், இழப்பை எவ்வாறு ஈடுசெய்யலாம் என்று ஒரு வாரத்திற்குள் ஆராயுமாறு தேர்வை நடத்திய முகமைக்குப் பணித்தது. பல லட்சம் பேர் எழுதும் தேர்வு என்பதால், ஒருவருக்கு நேர்ந்த அநீதியைப் புறக்கணித்துவிட இயலாது எனத் தெளிவுபடுத்தியது. தேர்வு மையப் பணியாளர்களுக்கு இவ்வுரிமைகள் குறித்து முறையாகப் பயிற்சி தர வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

தடை நீங்கினால்

கூடுதல் நேரம் மதிப்பெண்ணைத் தருவதில்லை. விடையையும் சொல்லித் தருவதில்லை. படித்ததை வெளிப்படுத்தும் வாய்ப்பை மட்டுமே தருகிறது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும், பார்வையற்றோருக்குப் பிரெயில் நூலும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் இத்தகையனவே.

சென்னையைச் சேர்ந்த பெனோ செபின், பிறவியிலேயே பார்வையற்றவர். பிரெயில் நூல்களும் திரைபடிக்கும் மென்பொருளும் அவர் கற்கத் துணைநின்றன. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற அவர், 2015ஆம் ஆண்டில் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதன்முறை. உழைப்பு அவருடையது, வழியை அடைக்காதிருப்பது சமூகத்தின் கடமை.

சொல்லும் பொருளும்

விழுக்காடு – நூற்றில் இவ்வளவு என்னும் கணக்கு
ஈடுசெய்தல் – இழப்பை நிரப்புதல்
முகமை – ஒரு பணியைச் செய்யும் அமைப்பு
சாய்தளம் – படிக்கு மாற்றாக அமைக்கப்படும் சரிவான பாதை

மதிப்பீடு

1. கோடிட்ட இடத்தை நிரப்புக.
அ) 2016ஆம் ஆண்டின் சட்டம் ______ வகைக் குறைபாடுகளை ஏற்றது.
ஆ) இரண்டு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ______ நிமிடம் ஈடுசெய் நேரம் உண்டு.

2. பிரித்து எழுதுக: அவ்விதி, இத்தகையன, முதன்முறை.

3. 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்னும் பழமொழி, மாணவியின் நிலைக்கு எவ்வாறு பொருந்துகிறது?

4. மறுதேர்வு கிடைக்காவிடினும் மாணவி தொடுத்த வழக்கு பயனற்றதன்று. இக்கருத்தைச் சான்றுடன் விளக்குக.

5. செயல்பாடு: உங்கள் பள்ளியின் வாயில் முதல் வகுப்பறை வரை நடந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் எங்கெங்கே தடைபடுவார் என்று பட்டியலிடுங்கள். ஒரு தடையை நீக்குமாறு வேண்டித் தலைமையாசிரியருக்குத் தமிழில் கடிதம் எழுதுங்கள்.