பிடிக்காத பையன்

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி ஒருத்தி, ஒரு நாவலைப் பாதியிலேயே என்னிடம் திருப்பித் தந்தாள்.

"இவனோட ஏலாது, சுவாமி. எல்லாரையும் போலி எண்டுறான். தானே பொய் சொல்லித் திரியுறான்."

அமெரிக்கரான ஜே. டி. சாலிஞ்சர் 1951இல் வெளியிட்ட 'த கட்சர் இன் த றை' அது. கதை சொல்பவன் ஹோல்டன். நான்கு பாடங்களில் தவறிப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்ட பதின்ம வயதுப் பையன். அவள் சொன்னதில் பிழையில்லை. எனக்கும் முதல் வாசிப்பில் எரிச்சல்தான்.

ஆனால் அவனுடைய தம்பி 11 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவன். அன்றிரவு 13 வயது ஹோல்டன் கராஜில் படுத்து, அதன் யன்னல் கண்ணாடிகளையெல்லாம் கையால் குத்தி உடைத்தான். அந்தக் கை அதன்பின் இறுக மூடுவதில்லை. இதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுகிறான். அவசரமாக வாசிப்பவர் தவறவிடுவார்.

அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுச் சற்றுநேரம் பேசாதிருந்தாள்.

"இப்பவும் அவனைப் பிடிக்கேல்லை, சுவாமி. ஆனா முடிவுமட்டும் வாசிக்கப்போறன்."

குழுவில் கலந்துரையாட: இடம்பெயர்ந்தபின் எரிந்து விழும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? அது எதை விட்டு வந்தது? யாராவது அதனிடம் கேட்டீர்களா?