எலும்புருக்கி நோயும் இரண்டு சோதனைகளும்

“இன்று நல்லது என்பார்கள், நாளை தீது என்பார்கள். மருத்துவ அறிவியலை எங்ஙனம் நம்புவது?” என்னும் வினா நம் விடுதி உணவுக்கூடத்தில் அடிக்கடி எழுகின்றது. அறிவியல் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை தேட விழைந்தேன். எலும்புருக்கி நோய் எனப்படும் காசநோயின் வரலாறு எனக்கு அவ்விடையைத் தந்தது.

தாம்பரத்தை அடுத்துச் ‘சானடோரியம்’ என்றோர் இரயில் நிலையம் இருப்பதைப் பலரும் அறிவீர்கள். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. தூய காற்று, முழு ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றுமே இந்நோய்க்கு மருந்தென உலகெங்கும் கருதிய காலம் அது. வேறு நல்ல மருந்தும் அன்று இல்லை.

பின்னர் 1944இல் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிட்டும் வந்தன. ஆயினும் பழைய எண்ணம் எளிதில் மறையவில்லை. நம் நாட்டில் நோயாளிகளோ இலட்சக்கணக்கினர். படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கை கிடைக்காத ஏழையின் கதி என்ன?

இவ்வினாவுக்கு விடை காண, 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பெற்றது. 193 நோயாளிகளைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினர். மற்றவர் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினர்க்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தோர்க்கு உணவும் குறைவு, ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி. ஆயினும் அவர்களுள் நூற்றுக்கு 86 பேரும், சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும் நோய் தணியப் பெற்றனர். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அவ்வேறுபாடும் மறைந்துவிட்டது. வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான ஓராண்டுச் சிகிச்சையின் முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

அப்படியானால் உணவுக்கும் காசநோய்க்கும் தொடர்பே இல்லை எனலாமா? கூடாது. ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை மற்றொரு சோதனை நடந்தது. இம்முறை கவனித்தது நோயாளிகளின் வீட்டிலிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினரை. ஒரு பிரிவினர்க்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் அளித்தனர். மற்றவர் வழக்கமான உணவையே உண்டனர். உணவு பெற்றோரிடையே புதிதாக நோய் காண்பது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. இம்முடிவு 2023இல் வெளியாயிற்று.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. மருந்து உண்பவன் குணமடைய மருத்துவமனை உணவும் ஓய்வும் இன்றியமையாதனவா என்று முன்னது கேட்டது. நோய் வராதவனை உணவு காக்குமா என்று பின்னது கேட்டது. கேள்வி வேறு, ஆகவே விடையும் வேறு.

ஆதலின் நண்பர்களே, ‘மருத்துவர் கருத்து மாறிவிட்டது’ என்று படிக்கும்போது மூன்றைக் கேளுங்கள்: யாரைச் சோதித்தனர்? எதனோடு ஒப்பிட்டனர்? எவ்வளவு காலம் கவனித்தனர்? பழைய கருத்தையே பற்றி நின்றிருந்தால், படுக்கை கிடைக்காத இலட்சக்கணக்கானோர் மருந்தின்றி மடிந்திருப்பர். 1959இன் முடிவோடு நாம் நின்றுவிட்டால், அந்நோயாளிகளின் வீட்டில் மெலிந்து கிடக்கும் பிள்ளைகளை மறந்தவர்களாவோம்.